மதுவரியும் மதுவறிவும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைத்திலர், பொருட்பாலில் வைத்தார். கொல்லாமை, கள்ளாமை, வாய்மை என்பன அறத்துப்பாலில் இடம்பெறக் கள்ளுண்ணாமை வரைவின்மகளிருக்கும் சூதிற்கும் இடையே 93ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. குடி என்பது தனியொருவனின் ஒழுக்கத்தோடு முடிந்துவிடுவதன்று. அரசையும் நாட்டையும் பொருளையும் பற்றியது என்று அவர் கருதினார் எனக் கொள்ள இதனால் இடமுண்டு. பிற்கால வரலாறு அக்கருத்தை உறுதிப்படுத்துகின்றது.

மதுவைப் பற்றி ஒரு சமுதாயம் மூன்று வினாக்களை எழுப்பலாம். குடித்தல் தகுமா என்பது முதலாவது. அஃது அறநூலாரின் வினா. குடியினால் வரும் பணம் யாரைச் சேர்வது என்பது இரண்டாவது. அஃது அரசினரின் வினா. குடி உடலையும் மூளையையும் யாது செய்கின்றது, சிறப்பாக வளரும் பிள்ளையின் மூளையை யாது செய்கின்றது, அம்மாற்றம் நிலைத்து நிற்பதா என்பது மூன்றாவது. அஃது ஆராய்ச்சியாளரின் வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றில் முதலிரு வினாக்களும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்தன. மூன்றாவது வினா மிகப் பிந்தியே எழுந்தது. இன்றுவரை அதற்குரிய விடை பெரும்பாலும் பிறநாட்டார் பணத்திலேயே தேடப்பட்டு வருகின்றது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழர் கள்ளை வெறுத்தவரல்லர். அதியமான் இறந்தபொழுது ஔவையார் பாடிய கையறுநிலைச் செய்யுள், அவனோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களை நினைந்து இரங்குவது. யாழ்ப்பாணத்திலோ பனை, வாழ்வின் ஒவ்வொரு கூற்றிலும் கலந்திருந்தது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் அது கருப்பநீர். தடவாத முட்டியில் இறக்கினால் அதுவே கள். மரமும் பாளையும் சாறும் ஒன்றே. சுண்ணாம்பு நொதிப்பைத் தடுக்கின்றது; அஃது இல்லாவிடத்துக் காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் சாற்றிலுள்ள சர்க்கரையை மதுசாரமாக மாற்றிவிடுகின்றன. கருப்பநீர் பிள்ளைகளுக்கு உரியது, கள் பெரியோருக்கு உரியது என்ற வேறுபாட்டை நூல் எதனையும் கல்லாத முதியோரும் அறிந்திருந்தனர். வயதுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு பற்றிய இப்பழைய அறிவு, ஏன், எவ்வாறு என்ற வினாக்களோடு ஆராயப்படாமல் வழக்கமாகவே நின்றுவிட்டது.

அறநெறியாளர் உறங்கியிருந்தனர் என்று கூறுதல் இயலாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருவேறு திசைகளிலிருந்து மதுவுக்கு எதிரான குரல் எழுந்தது. ஒன்று சைவத்தின் குரல். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது நான்காம் பாலபாடத்தில் கொலை, புலாலுண்ணல், களவு முதலியவற்றோடு கள்ளுண்ணலையும் தனித் தலைப்பாக்கி மாணவருக்கு விளக்கினார். பள்ளிப்பிள்ளை கற்கும் பாடநூலிலேயே இப்பொருளைச் சேர்த்தமை, இளமையிற் பதியவைக்க வேண்டிய செய்தி இது என்று அவர் உணர்ந்தமையைக் காட்டும். மற்றையது 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் குரல். மதுவிலக்கு இயக்கம் அமெரிக்காவில் ஓங்கிய காலத்திலே அந்நாட்டுச் சமயத் தொண்டர்கள் இங்கு வந்தனராதலின், அவ்வியக்கத்தின் உணர்ச்சியும் அவர்களோடு வந்தது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தமது நிலையமாகக் கொண்டு, 1873ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். கல்வின் கற்றர் என்பவர் எழுதிய உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் பற்றிய நூல் அவருடைய முயற்சியால் 1857ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. மூளையும் நரம்பும் பற்றி மேனாட்டார் அக்காலத்தில் அறிந்திருந்தவற்றை ஆங்கிலம் அறியாத யாழ்ப்பாணத்து மாணவன் தன் தாய்மொழியிலே கற்கும் வாய்ப்பு அவ்வாறு ஏற்பட்டது. எனினும், அறிவு இங்கே மொழிபெயர்க்கப்பட்டதேயன்றி உண்டாக்கப்படவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். பணமும் அமெரிக்கத் திருச்சபையாரின் பணமே.

அமெரிக்காவில் அடுத்து நிகழ்ந்தது படிப்பினை தருவதாகும். மேரி ஹன்ற் என்னும் அம்மையாரின் தலைமையில், மதுவின் தீமைகளைப் பள்ளிகளில் விஞ்ஞானப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்ற இயக்கம் 1880ஆம் ஆண்டுகளில் எழுந்தது. 1901ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மாநிலங்கள் யாவற்றிலும் அதற்குரிய சட்டங்கள் இயற்றப்பட்டுவிட்டன. நோக்கம் நல்லதாயினும் பாடநூல்கள் சோதனையால் நிறுவப்படாத பலவற்றை உண்மையென எழுதின. அறிஞர் பலர் கூடி 1893ஆம் ஆண்டில் அமைத்த ஐம்பதின்மர் குழு இதனை ஆராய்ந்து, 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அப்பாடங்களின் குறைகளை வெளிப்படுத்திற்று. மிகைப்படக் கூறப்பட்ட உண்மை பொய்யைப் போலவே மதிப்பிழந்தது. பிள்ளைக்குக் கற்பிக்குமுன் சோதித்தறிதல் வேண்டும், சோதித்தறிவதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

இனி, அரசினரின் வினாவுக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சியிலே சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. ஆங்கிலேயர் அம்முறையைக் கைக்கொண்டு மேலும் விரித்தனர். ஏலத்தில் மிகுந்த தொகை கேட்பவனுக்கு ஒரு பகுதியின் விற்பனை உரிமை உரியதாகும். கொடுத்த தொகையை மீட்கவும் இலாபம் காணவும் குத்தகைகாரன் விற்பனையைப் பெருக்கினான். பெருக்கப் பெருக்க அடுத்த ஏலத்தில் அரசின் வருவாயும் பெருகிற்று. தென்னிலங்கையிற் சாராயக் குத்தகையால் ஈட்டிய செல்வம் பெருந்தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் மாறிற்று. ஈட்டிய குடும்பங்கள் சிலவற்றின் வழித்தோன்றல்களே பின்னாளில் மதுவிலக்கு மேடைகளில் ஏறினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இந்நிலையை மாற்ற முற்பட்டது. சாராயத்தையும் கள்ளையும் வேறுவேறு தவறணைகளில் விற்க வேண்டும் என்பது புதிய ஏற்பாட்டின் ஒரு கூறு. அதன்படி நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளுத் தவறணைகள் திறக்கப்படவிருந்தமை மக்களைக் கொதிப்படையச் செய்தது. எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலியோர் தெற்கிலே கூட்டங்கள் கூட்டினர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆட்சியினர் இத்தலைவர்களைச் சிறையில் இட்டதற்கு, மதுவிலக்கு இயக்கத்தை அரசியற் கிளர்ச்சியாக அவர்கள் ஐயுற்றமையும் ஒரு காரணமாகும். யாழ்ப்பாணத்துத் தமிழராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் அவர்களுக்காக வாதாடியமையும் கலவரம் பற்றி 1916ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டமையும் யாவரும் அறிந்தனவே.

பின்னர், ஊரவர் வாக்களித்துத் தமது பகுதித் தவறணையை மூடிவிடும் உரிமை நடைமுறைக்கு வந்தது. 1920ஆம், 1930ஆம் ஆண்டுகளில் இலங்கையின் பல பாகங்களில் தவறணைகள் அவ்வாறு மூடப்பட்டன. 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரசெனப் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் இயக்கம் காந்தியடிகளை அழைத்தது. அவர் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் குடாநாட்டுக்கு வந்தார். கதருக்கு நிதி திரட்டுவதே அப்பயணத்தின் முதல் நோக்கமாயினும், இலங்கைச் சுற்றுலாவிலே தீண்டாமையோடு மதுவையும் அவர் கண்டித்துப் பேசினார். இளைஞரே அழைத்து இளைஞரே கேட்ட அப்பேச்சுகள் ஒரு தலைமுறையின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சு 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திற்று. கள்ளுக்கடை மூடினால் கருவூலத்தில் ஏற்படும் குறையை நிரப்புவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடையாகவே 1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி புகுத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் மதுவிலக்குக்கு உட்பட்டது. 1971ஆம் ஆண்டில் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் இறுக்கப்பட்டும் தளர்த்தப்பட்டும் வந்து, 2003ஆம் ஆண்டில் மதுவின் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் ஏற்று நடத்தும் நிலை உண்டாயிற்று. மூடுவதற்கு அறம் காரணமாயிற்று. திறப்பதற்கு வருவாய் காரணமாயிற்று. மூடியபோதாயினும் திறந்தபோதாயினும், குடியின் விளைவை நெடுங்காலம் பின்தொடர்ந்து அளந்தறிதல் அரசின் கொள்கையில் ஒரு கூறாக அமையவில்லை.

யாழ்ப்பாணத்திலும் நிலைமை அதுவே. பனையை நம்பி வாழ்ந்த தொழிலாளரின் நன்மை கருதி 1970ஆம் ஆண்டுகளில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. உயிரைப் பணயம் வைத்து மரமேறிய ஒரு வகுப்பாருக்குத் தமது உழைப்பின் பயனைத் தாமே பெறும் வாய்ப்பு இவற்றால் ஓரளவு கிட்டியது. மதுவைப் பற்றிப் பேசுவோர் இந்நன்மையை மறத்தல் ஆகாது. ஆயினும் கள்ளின் விலை, கள்ளின் அளவு, கள்ளின் வரி ஆகியவற்றைப் பதிந்த ஏடுகளைப் போல, அதனை இளமையிலே குடிக்கத் தொடங்கியவன் நாற்பது வயதில் எவ்வாறு இருந்தான் என்பதைப் பதிந்த ஏடு ஒன்று எழவில்லை.

மூன்றாவது வினாவுக்கு முதலிற் பெரும்பணம் ஒதுக்கிய நாடு அமெரிக்காவே. 1920ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை நடந்த அந்நாட்டு மதுவிலக்கு தோல்வியுற்ற பின்னர், அறவுரையின் இடத்தில் ஆராய்ச்சியை வைக்க அறிஞர் சிலர் முயன்றனர். யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள் 1940ஆம் ஆண்டில் மதுவாராய்ச்சிக்கென ஒரு காலாண்டிதழைத் தொடங்கினர். ஜெலினெக் என்பார் அம்முயற்சியில் முன்னின்றார். எனினும் நாட்டரசின் நிதி முறையாகப் பாய்வதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அயோவா மாநிலத்து மூதவை உறுப்பினர் ஹரோல்ட் ஹியூஸ், தாம் குடிக்கு அடிமையாகி மீண்டவர் என்பதை மறையாது கூறியவர். அவருடைய முயற்சியால் நிறைவேறிய சட்டம் 1970ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் தேதி ஒப்பமிடப்பெற்று, மதுத் தீமையும் மதுவடிமையும் பற்றிய தேசிய நிலையம் தோன்றியது. அவமானமென்று மறைக்கப்பட்டதொன்றை ஒருவர் அவையில் எடுத்துரைத்தமையால் ஆராய்ச்சிக்குப் பணம் பிறந்தது என்னலாம்.

தொடக்கத்தில் ஆராய்ச்சி முதியோரான குடிகாரரின் ஈரலையும் மூளையையும் நோக்கிற்று. 1973ஆம் ஆண்டில் சியாற்றில் நகரத்து வைத்தியர்கள் ஜோன்ஸ், ஸ்மித் என்போர், கருவுற்ற தாய் குடிப்பதனாற் பிள்ளைக்கு ஏற்படும் குறைகளைத் தொகுத்து ஒரு நோயாக வகுத்துக் காட்டினர். கருவும் முதுமையும் இவ்வாறு ஆராயப்பட, இடையிலுள்ள கட்டிளமைப் பருவம் விடுபட்டது. இளைஞர் உடல் வலியது, எதனையும் தாங்கி விரைவில் மீளும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. மது வாங்குவதற்குரிய வயதை 21 ஆக்குமாறு மாநிலங்களை நெருக்கிய 1984ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும் இளைஞரின் வீதி விபத்துகளைக் கருதி எழுந்ததேயன்றி மூளையைக் கருதி எழுந்ததன்று. சட்டம் முந்தியது, அறிவு பிந்தியது.

மூளையை உயிருள்ள போதே, கதிர்வீச்சின் தீங்கின்றிப் படம்பிடிக்கும் காந்தப் பொறி வந்த பின்னரே நிலைமை மாறிற்று. அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில் ஜே கீட் என்பாரும் அவர் கூட்டத்தாரும் ஒரே பிள்ளைகளை ஆண்டுகள் பலவாக மீண்டும் மீண்டும் படம்பிடித்து 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள், மூளையின் வளர்ச்சி பிள்ளைப் பருவத்தோடு முடிவதில்லை என்பதைத் தெளிவாக்கின. பயன்படாத இணைப்புகள் கழிக்கப்படுவதும், நரம்பிழைகள் உறையிடப்பெற்று விரைந்து செய்தி கடத்துவதும் இருபது வயதுக்கு அப்பாலும் தொடர்கின்றன. எண்ணித் துணிதல், தன்னையடக்கல், பின்விளைவு நோக்கல் என்பவற்றுக்கு உரிய நெற்றிப் பகுதி ஈற்றிலேயே முதிர்கின்றது. கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும் காலத்தில் வரும் வெள்ளம், முடிந்த வீட்டுக்கு வரும் வெள்ளத்தினும் வேறான சேதத்தைச் செய்யும் அன்றோ? அவ்வையம் அறிஞர் உள்ளத்தில் எழுந்தது.

2000ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க் நகரத்து ஆய்வாளர் டி பெல்லிஸ் முதலியோர், இளமையிலேயே மதுவுக்கு அடிமையானோரின் மூளையில் நினைவுக்கு இன்றியமையாத கடற்குதிரை வடிவப் பகுதி சிறுத்திருத்தலைக் கண்டனர். ஆனால் அவர்கள் ஆராய்ந்த நோயாளர் 12 பேர். ஒப்புநோக்கியவர் 24 பேர். குடித்தமையால் அப்பகுதி சிறுத்ததா, சிறுத்திருந்தமையால் குடிக்கு எளிதில் இரையாயினரா என்று பிரித்தறிய இவ்வாராய்ச்சியால் இயலவில்லை. இதனைத் தீர்க்க ஒரே வழி, பிள்ளைகள் குடிக்கத் தொடங்குமுன்னரே அவர்களை அளந்து, பின்னர் ஆண்டுதோறும் தொடர்ந்து அளந்து வருதலாகும். அதற்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் பத்தாண்டுக் காலமும் பெருநிதியும் வேண்டும். ஓர் அறிஞரின் ஆர்வமோ ஒரு பல்கலைக்கழகத்தின் வருவாயோ இதற்குப் போதா.

அந்நிதி படிப்படியாக வந்தது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் பணத்தில் 2007ஆம் ஆண்டளவில் ஜேர்மனி, பிரித்தானியா, பிரான்சு, அயர்லாந்து ஆகிய நாடுகளில் 14 வயதினர் ஏறத்தாழ 2,000 பேரைக் கொண்ட ஆராய்ச்சி தொடங்கியது. மேற்கூறிய அமெரிக்க நிலையம் 2010ஆம் ஆண்டில் எலி முதலிய உயிரினங்களில் இளமைக்குடியின் பிற்கால விளைவை ஆராயும் கூட்டமைப்பொன்றையும், 2012ஆம் ஆண்டில் 12 முதல் 21 வயது வரையுள்ள 831 இளைஞரைத் தொடரும் மற்றொரு கூட்டமைப்பையும் நிறுவியது. 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பேராராய்ச்சியில், 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 11,880 பேர் 21 நிலையங்களிற் சேர்க்கப்பட்டு, பத்தாண்டுக் காலம் பின்தொடரத் திட்டமிடப்பட்டனர். 12 பேரிலிருந்து 11,880 பேர் வரை சென்ற இவ்வளர்ச்சி, கருவியின் வளர்ச்சி மாத்திரமன்று; பொதுநிதியின் வளர்ச்சியுமாகும்.

அவற்றாற் கண்டவை யாவை? இளம் எலிகளுக்கு இடைவிட்டு மிகுதியாக மது கொடுத்து, பின் முற்றாக நிறுத்தி, அவை முதிர்ந்த பின்னர் ஆராய்ந்தபொழுது, நினைவுப் பகுதியிற் புதிய நரம்புக் கலங்கள் தோன்றுவது குறைந்திருந்தது. மூளையின் அடிப்பகுதியிற் கவனத்துக்கும் கற்றலுக்கும் துணைசெய்யும் சிலவகைக் கலங்கள் குறைந்திருந்தன. பழகிய வழியை விட்டுப் புதிய வழியைக் கற்பதில் அவை பின்தங்கின. உடற்பயிற்சி முதலியவற்றால் இம்மாற்றங்கள் சிலவற்றைத் தடுக்கவோ மீட்கவோ கூடும் என்று காட்டிய சோதனைகளும் உண்டு. மனிதரிடத்தில், 831 பேரைத் தொடர்ந்த ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியோரின் நெற்றிப் பகுதிச் சாம்பனிறப் பொருள், குடியாதோரிடத்தினும் விரைவாகக் குறைந்ததைக் காட்டியது. இளைஞருக்கு மதுவின் தூக்கமும் தள்ளாட்டமும் பெரியோரினும் மெல்லவே தோன்றும். நினைவிழப்போ மிகுதியாகும் என்பதும் உயிரினச் சோதனைகளால் விளங்கிற்று. போதும் என்று நிறுத்தச் சொல்லும் அடையாளம் மந்தமாயிருக்கச் சேதம் மட்டும் கூடுதலாயிருப்பது இளமையின் தனி இடர். சிறிதளவு குடி நிலையான மாற்றத்தை உண்டாக்குமா, எவ்வளவு காலம் நிறுத்தினால் எவ்வளவு மீளும் என்பன இன்னும் முற்றாகத் தீராத வினாக்களே. தீராதவற்றைத் தீர்ந்தனபோற் கூறுதல், மேரி ஹன்ற் காலத்துப் பாடநூல்களின் தவற்றை மீண்டும் செய்வதாகும்.

பணம் கொடுப்பார் யாவர் என்பது முடிவின் நம்பகத்தையும் பாதிக்கும். அமெரிக்க, கனேடிய பியர் வடிப்போர் 1982ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையத்தை நிறுவினர். அளவான குடி இருதயத்துக்கு நன்மை தருமா என்று அறியப் பின்னாளில் வகுக்கப்பட்ட பெருந்திட்டம் 10 கோடி டொலர் செலவை வேண்டியது. அதில் 6 கோடி 77 இலட்சம் டொலரை மது உற்பத்தியாளர் தருவதாக இருந்தது. அப்பணத்தை நாடி நிலையத்து அலுவலரே உற்பத்தியாளரை முன்கூட்டி அணுகினர் என்பதும், மதுவின் தீமைகளை உள்ளவாறு அளக்கத் தக்கதாகத் திட்டம் அமையவில்லை என்பதும் வெளிப்பட, 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது கைவிடப்பட்டது. விற்பவனே நிறுப்பவனாயின் தராசை எவரும் நம்பார்.

தமிழர் வாழும் நிலப்பரப்புக்கு அண்மையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூட்டாக நிதியளித்த முயற்சியொன்று குறிப்பிடத்தக்கது. பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிலையத்தைச் சேர்ந்த விவேக் பெனகலும், இலண்டனிலிருந்த குந்தர் ஷூமனும் முன்னின்று நடத்திய அவ்வாராய்ச்சி, 6 முதல் 23 வயது வரையுள்ள ஏறத்தாழ 10,000 பேரை ஏழு நிலையங்களிற் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது. பெங்களூர், மைசூர், ரிஷிபள்ளத்தாக்கு, கல்கத்தா, சண்டிகார், இம்பால் ஆகிய இடங்கள் அதில் இடம்பெற்றன. வறுமை, சத்துக்குறை, சூழல் நச்சு, சமூகக் கலகம் என்பவை மூளை வளர்ச்சியையும் அடிமைப் பழக்கத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என்று கேட்பது அதன் சிறப்பு. செல்வ நாட்டுப் பிள்ளையை அளந்து பெற்ற முடிவு ஏழை நாட்டுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாதென்பதை அது உணர்ந்துள்ளது.

அவ்வுணர்வு யாழ்ப்பாணத்துக்கு மிக வேண்டுவது. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை போரின் கொடுமையை அனுபவித்த நிலம் இது. இடப்பெயர்வு, உறவினர் இழப்பு, கல்வித் தடை ஆகியவற்றுக்கிடையே வளர்ந்தோரும், அவர்களுக்குப் பிறந்தோருமே இன்றைய இளைஞர். மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடபுலத்தின் கூட்டு மனவடுவைப் பற்றி 2007ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வில், தனியாள் நோயோடு நில்லாது, குடும்பமும் ஊரும் சிதைந்தமையை ஆராய்ந்தார். குடிப்பழக்கமும் அச்சிதைவோடு தொடர்புடையதாகவே காணப்பட்டது. துன்பத்தால் ஏற்கெனவே நலிந்த இளமூளையில் மது யாது செய்கின்றது என்னும் வினாவுக்கு, அமெரிக்கப் பிள்ளையை அளந்து விடை காணல் அரிது. கள்ளும் கசிப்பும் போத்தற் சாராயமும் பியரும் ஒருங்கே கிடைக்கும் ஊரில், எது, எவ்வயதில், எவ்வளவு என்ற கணக்கும் இங்கேயே எடுக்கப்பட வேண்டியதாகும்.

சட்டம் இங்கும் அறிவுக்கு முந்திவிட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்றலைத் தடுத்தது. புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை நிறுவியது. இப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியை ஊக்குவித்தலையும் அதன் பணிகளுள் ஒன்றாக வைத்தது. ஆனால் இலங்கை தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.1 பங்கை அண்டியே எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் செலவிட்டு வந்துள்ளது. இச்சிறு தொகையைப் பயிரும் நோயும் தொழிலும் பங்கிட்டபின், இளைஞரின் மூளைக்கு எஞ்சுவது யாது? அதே வேளையில் மதுவரி, அரசிறையின் பெருந்தூண்களுள் ஒன்றாக நிற்கின்றது. குத்தகைக் காலத்திலிருந்து இன்றுவரை மாறாதது இவ்வொன்றே: பணம் தவறணையிலிருந்து கருவூலத்துக்குச் செல்லும் பாதை நன்கு செப்பனிடப்பட்டுள்ளது, கருவூலத்திலிருந்து ஆய்வுகூடத்துக்குச் செல்லும் பாதையோ இன்னும் ஒற்றையடிப் பாதையே.

பெரும் பொறிகளும் கோடிக்கணக்கான டொலரும் இல்லாவிடின் ஒன்றும் இயலாதென்று சோர்தல் வேண்டா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. குடாநாட்டுப் பள்ளிகளோ வரவிடாப்பும் புள்ளிப்பதிவும் பேணும் வழக்கத்திற் பெயர்பெற்றவை. ஆறாம் வகுப்பிற் சேரும் மாணவர் சில நூற்றுவரைப் பெற்றோர் இசைவோடும், பெயர் வெளிவராத காப்போடும் தெரிந்து, நினைவாற்றல், கவனம், உறக்கம், மனநிலை என்பவற்றை எளிய சோதனைகளால் ஆண்டுதோறும் அளந்து, அவர்கள் இருபத்தைந்து வயதடையும் வரை தொடர்ந்தால், உலகம் இதுவரை பெறாத ஒரு விடையை யாழ்ப்பாணம் தரக்கூடும். அதற்கு வேண்டுவது மதுவரியில் ஒரு சிறு பங்கு. அப்பங்கு ஆண்டுக்காண்டு தவறாது வருதல். கொடுப்பவர் முடிவிற் கைவையாமை. பதினைந்தாண்டுத் தொடர்ச்சியே இத்தகைய ஆராய்ச்சியின் உயிர். நடுவில் நிதி நின்றால் முன்செலவிட்ட பணமும் பாழாகும்.

நாவலர் தமது காலத்துப் பிள்ளைக்குக் கள்ளுண்ணாதே என்றார். சொன்னவரிடத்து நம்பிக்கை இருந்தமையால் பிள்ளை கேட்டது. இக்காலத்து மாணவன் ஏன் என்று கேட்கின்றான். கேட்பது குற்றமன்று, கல்வியின் பயன் அதுவே. அவனுக்கு மிகைப்படாத, சோதித்தறிந்த, அவன் ஊரிலேயே அளந்தெடுத்த விடையைக் கொடுத்தல் பெரியோர் கடன். மதுவால் வரும் பணத்தைத் தயங்காது பெறும் நாடு, அம்மது தன் பிள்ளைகளின் மூளையை யாது செய்கின்றது என அறியும் செலவையும் தயங்காது ஏற்றல் வேண்டும். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்த புலவரின் கருத்துக்கு இதனினும் பொருத்தமான உரை வேறில்லை.